கொட்டிய பாலுக்கு என்ன விலை? அமெரிக்க விவசாயிகளின் கொரோனா நிவாரணக் கணக்கு

2020ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துப் பால் பண்ணைகள் சில, கறந்த பாலை வாங்குவதற்கு ஆளில்லாமல் சாணக் குட்டைகளிலும் வயல்களிலும் கொட்டின. அதே நாட்களில் அந்த நாட்டு நகரங்களின் கடைகள் பலவற்றில், ஒருவருக்கு இத்தனை பால் கலன்தான் என்று அளவு வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். மாடுகளுக்கு நோய் வரவில்லை, மழை பொய்க்கவில்லை, தீவனத்துக்கும் குறைவில்லை. இருந்தும் பண்ணைக்காரரின் ஒரு மாத உழைப்பு மண்ணில் கலந்தது. இப்படிப்பட்ட இழப்பை அரசு எந்த அளவுகோலால் அளந்து பணம் கொடுத்தது என்பதை எளிமையாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். அந்த அளவுகோலைப் புரிந்துகொண்டால், யாருக்கு நிறையக் கிடைத்தது, யாருக்குக் குறைவாகக் கிடைத்தது, ஏன் அடுத்தடுத்துத் திருத்தங்கள் வந்தன என்பவை எல்லாம் தாமாகவே விளங்கிவிடும்.

முதலில் இழப்பு எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம். அமெரிக்கர்கள் உணவுக்காகச் செலவிடும் பணத்தில் பாதிக்குமேல், வீட்டுக்கு வெளியே, அதாவது உணவகங்களிலும் பள்ளிகளிலும் அலுவலகச் சிற்றுண்டிச் சாலைகளிலும் செலவாகி வந்தது. 2020 மார்ச்சில் இவை ஒருசேர மூடப்பட்டன. பள்ளிகளுக்கென்று சிறு அட்டைப் பெட்டிகளில் பால் அடைத்துவந்த ஆலையோ, பீட்சாக் கடைகளுக்கென்று பெரும் பாளங்களாகச் சீஸ் செய்துவந்த ஆலையோ, வீட்டுக்கு வாங்கும் கலன்களுக்கு ஒரே வாரத்தில் மாறிவிட முடியாது. இயந்திரமும் பொட்டலமும் வாங்குவோரும் வேறு வேறு. ஆகவே ஒரு பக்கம் பால் தேங்கியது, இன்னொரு பக்கம் அலமாரி காலியானது.

இறைச்சியில் சிக்கல் வேறு வடிவம் எடுத்தது. இறைச்சி ஆலைகளில் தொழிலாளர்கள் தோளோடு தோள் நின்று வேலை செய்வதால் அங்கே தொற்று வேகமாகப் பரவியது. தெற்கு டகோட்டா மாநிலத்தின் சூ ஃபால்ஸ் நகரில், நாட்டின் பன்றி இறைச்சியில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கைத் தயாரித்துவந்த ஓர் ஆலை ஏப்ரல் நடுவில் மூடப்பட்டது. அயோவா, மினசோட்டா, கொலராடோ மாநிலங்களிலும் பெரிய ஆலைகள் சில நாட்களோ சில வாரங்களோ நின்றன. ஆலை நின்றால் பண்ணையில் நிற்கும் கால்நடையை வாங்குவார் இல்லை. அதன் விலை சரிகிறது. ஆலையிலிருந்து வெளிவரும் இறைச்சி குறைவதால் கடையில் அதன் விலை ஏறுகிறது. நுகர்வோர் அதிகம் கொடுத்தார்கள், வளர்த்தவர் குறைவாகப் பெற்றார் என்ற முரண் இப்படித்தான் உண்டானது. மாட்டையாவது சில வாரங்கள் மேய்ச்சலில் நிறுத்தி வைக்கலாம். பன்றி அப்படியல்ல, நாள்தோறும் எடை கூடி, ஆலை ஏற்கும் அளவைத் தாண்டிவிடும், அதற்குள் அடுத்த குட்டிகள் அதே கொட்டகைக்கு வந்து சேரும். வேறு வழியில்லாமல் நலமான பன்றிகளைக் கொன்று புதைக்க நேர்ந்த பண்ணையாளர்களும் இருந்தார்கள். இந்தப் பெருந்தொற்றுக் காலத்தின் மிகக் கொடிய காட்சிகளில் அதுவும் ஒன்று என்றே நான் கருதுகிறேன்.

வெள்ளத்தில் நெல் மூழ்கினால் வயலைப் பார்த்து ஏக்கர் கணக்கில் கொடுக்கும் நிவாரணத்தை நாம் அறிவோம். அமெரிக்காவிலும் விளைச்சல் குறைந்தால் கைகொடுக்கப் பயிர்க் காப்பீடு இருக்கிறது. 2020இல் விளைச்சல் குறையவில்லை, சந்தைதான் அடைபட்டது. கால்நடை வளர்ப்போரில் பெரும்பாலோருக்கு அப்போது விலை வீழ்ச்சிக்கான காப்பீடு எதுவும் இருக்கவில்லை. எனவே புதிதாக ஒரு திட்டம் வேண்டியிருந்தது. 2020 ஏப்ரல் 17 அன்று வேளாண் துறைச் செயலர் சன்னி பெர்டியூ அதை அறிவித்தார். கொரோனா வைரஸ் உணவு உதவித் திட்டம் என்பது அதன் பெயர். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்துச் சிஃபாப் என்று சுருக்கிச் சொல்வார்கள். மொத்தம் 1,900 கோடி டாலர். அதில் 1,600 கோடி உற்பத்தியாளர்களுக்கு நேரடித் தொகை. மீதி 300 கோடி, பால், இறைச்சி, காய்கறி ஆகியவற்றை அரசே வாங்கிப் பெட்டிகளில் இட்டு உணவு வங்கிகள் வழியாகக் குடும்பங்களுக்குக் கொடுப்பதற்கு.

நேரடித் தொகையான அந்த 1,600 கோடி இரண்டு வெவ்வேறு பைகளிலிருந்து வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும், ஏனெனில் பிற்பாடு வரும் கணக்கின் குழப்பம் முழுவதும் இங்கேதான் தொடங்குகிறது. 950 கோடி, 2020 மார்ச் 27இல் நிறைவேறிய கேர்ஸ் சட்டம் என்னும் கொரோனா நிவாரணச் சட்டத்திலிருந்து வந்தது. 650 கோடி, கமாடிட்டி கிரெடிட் கார்ப்பரேஷன் என்னும் அரசுக் கழகத்திலிருந்து வந்தது. 1933இல், பெருமந்தக் காலத்தில், பண்ணை விலைகளைத் தாங்கிப் பிடிக்கத் தோன்றிய இந்தக் கழகம் 3,000 கோடி டாலர் வரை கருவூலத்திலிருந்து கடன் பெறலாம். 2018, 2019 ஆண்டுகளில் சீனாவுடன் நடந்த வரிப் போரில் அடிபட்ட சோயா விவசாயிகளுக்கும் இதிலிருந்துதான் பணம் போயிற்று. ஆக, பெருந்தொற்று வந்தபோது பயிர்வாரியாக ஒரு விலையை நிர்ணயித்துப் பணம் அனுப்பும் பழக்கம் வேளாண் துறைக்கு ஏற்கெனவே கைவந்திருந்தது.

ஏப்ரல் 15 வரை நேர்ந்த விலை இழப்புக்குக் கேர்ஸ் சட்டப் பணம். அதற்குப் பின் தொடரவிருந்த சந்தைச் சிக்கலுக்குக் கழகத்தின் பணம். ஒரே மனுவில் இரண்டு விகிதங்கள் இருந்ததற்கு இதுவே காரணம். தகுதிக்கான நிபந்தனை எளிது: 2020 சனவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவுக்குள் ஒரு விளைபொருளின் விலை குறைந்தது 5 விழுக்காடு இறங்கியிருக்க வேண்டும். தனி விவசாயி ஒருவரின் இழப்பு இங்கே பார்க்கப்படவில்லை, நாடு தழுவிய விலைதான் பார்க்கப்பட்டது. அந்தப் பொருளைப் பட்டியலில் சேர்த்துவிட்டால், உங்களிடம் அது எவ்வளவு இருந்தது என்ற அளவை விகிதத்தால் பெருக்கினால் போதும். விலை வீழ்ச்சியை அளவால் பெருக்குவதே இத்திட்டத்தின் அடித்தளம்.

மாட்டுக் கணக்கை எடுத்துக்கொள்வோம். சனவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை விற்ற மாடுகளுக்கு வகைவாரியாக விகிதம் இருந்தது. இறைச்சிக்கென்று கொழுக்கவைத்த மாடு ஒன்றுக்கு 214 டாலர். 600 பவுண்டுக்குக் குறைவான வளர்ப்பு மாட்டுக்கு 102. அதற்கு மேற்பட்ட எடையுள்ள வளர்ப்பு மாட்டுக்கு 139. முதிர்ந்த மாட்டுக்கு 92. ஏப்ரல் 16 முதல் மே 14 வரையிலான நாட்களில் கையில் இருந்த அதிகபட்ச இருப்புக்கு, எந்த வகையானாலும் மாடு ஒன்றுக்கு 33 டாலர். நெப்ராஸ்காவில் ஒருவர் முதல் காலத்தில் கொழுத்த மாடுகள் 40ஐ விற்றார் என்றும், இரண்டாம் காலத்தில் அவரிடம் 60 மாடுகள் இருந்தன என்றும் எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். முதல் பகுதி 8,560 டாலர், இரண்டாம் பகுதி 1,980 டாலர், மொத்தம் 10,540. மனு செய்தவுடன் இதில் 80 விழுக்காடான 8,432 டாலர் வந்துவிடும். மீதி 20 விழுக்காட்டை, எல்லோருக்கும் பணம் போதுமா என்று பார்த்துவிட்டுப் பிற்பாடு கொடுத்தார்கள்.

அந்த எண்களை இன்னொரு முறை பாருங்கள். ஏப்ரல் 10 அன்று மாட்டை விற்றவருக்கு 214 டாலர். வாங்குவார் இல்லாமல் வைத்திருந்து ஏப்ரல் 20 அன்று விற்றவருக்கு 33 டாலர். இறைச்சி ஆலைகள் அடுத்தடுத்து நின்றது ஏப்ரல் நடுவிலும் அதற்குப் பிறகும்தான். அதாவது அடி மிகப் பலமாக விழுந்த வாரங்களில் விற்றவருக்குத்தான் தொகை மிகக் குறைவாக இருந்தது. திட்டம் வகுத்தவர்கள் தெரிந்தே தவறு செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. சட்டப் பணத்துக்கு ஏப்ரல் 15 என்ற ஒரு கோடு தேவைப்பட்டது, கோட்டைப் போட்டபோது அடுத்த மாதம் எப்படியிருக்கும் என்பதை யாரும் அறிந்திருக்கவில்லை. ஆனாலும் கோட்டின் தவறான பக்கத்தில் நின்ற ஒரு மாட்டுக்காரருக்கு அந்த விளக்கம் எந்த ஆறுதலையும் தந்திருக்காது. 2020 டிசம்பர் 27இல் கையெழுத்தான நிதி ஒதுக்கீட்டுச் சட்டம் இதைத்தான் ஓரளவு சரிசெய்தது: ஏப்ரல் 16 முதல் மே 14 வரை இருப்பில் இருந்த கொழுத்த மாட்டுக்குக் கூடுதலாக 63 டாலர், எடை கூடிய வளர்ப்பு மாட்டுக்கு 25.50 டாலர் என்று வகைவாரியாக நிர்ணயித்தது. புதிய மனு கேட்காமல் பழைய மனுவை வைத்தே பணத்தை அனுப்பினார்கள். மேலே சொன்ன நெப்ராஸ்காக்காரரின் 60 மாடுகளும் கொழுத்தவை என்றால், அவருக்கு மேலும் 3,780 டாலர் சேர்ந்திருக்கும்.

சோளம், சோயா போன்ற தானியங்களில் வேறொரு நுட்பம் இருந்தது. விவசாயி அறுவடை செய்த அனைத்துக்கும் பணம் இல்லை. விலை இன்னும் முடிவாகாமல் சேமிப்பில் இருந்த தானியத்துக்கு மட்டுமே உண்டு. முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டு விலையை உறுதி செய்துகொண்டவருக்குச் சந்தை சரிந்தாலும் இழப்பு இல்லை என்பதே இதன் நியாயம். 2019இல் 20,000 புஷல் (புஷல் என்பது அமெரிக்கத் தானிய அளவு) மக்காச்சோளம் விளைவித்து, 2020 சனவரி 15இல் விலை முடிவாகாத 8,000 புஷலைக் கையில் வைத்திருந்தவரை நினைத்துக்கொள்ளுங்கள். விளைச்சலில் பாதி 10,000, இருப்பு 8,000, இரண்டில் சிறியது 8,000. அதில் பாதியான 4,000 புஷலைக் கேர்ஸ் விகிதமான 32 சென்ட்டாலும், கழக விகிதமான 35 சென்ட்டாலும் பெருக்கிக் கூட்டினால் 2,680 டாலர் வரும். பாலுக்குக் கணக்கு இன்னும் நேரானது. ஆண்டின் முதல் மூன்று மாத உற்பத்தியில் ஒவ்வொரு நூறு பவுண்டுக்கும் 4.71 டாலர், அதோடு இரண்டாம் காலாண்டுக்கென்று சிறிது கூட்டிய அளவுக்கு நூறு பவுண்டுக்கு 1.47 டாலர். கொட்டிய பாலும் உற்பத்தியாகவே கொள்ளப்பட்டது. காய்கறி, பழங்களுக்கு மட்டும் மூன்று நிலைகள் வைத்தார்கள்: குறைந்த விலைக்கு விற்றது, அனுப்பிய பின் பணம் வராமல் கெட்டுப்போனது, அறுக்காமலே வயலில் விட்டது.

மனுக்கள் 2020 மே 26 முதல் செப்டம்பர் 11 வரை பெறப்பட்டன. விவசாயி செல்ல வேண்டிய இடம், நம் மாவட்டம் போன்ற கவுண்டிகளில், ஏறத்தாழ ஒவ்வொரு விவசாயக் கவுண்டிக்கும் ஒன்றென்று நாடெங்கும் இருக்கும் பண்ணைச் சேவை முகமையின் அலுவலகம். தொற்றின் காரணமாக நேரில் சந்திப்பது குறைந்து, பெரும்பாலும் தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் வேலை நடந்தது. தன் மாடுகள் எத்தனை, தானியம் எவ்வளவு என்று விவசாயியே எழுதிக் கையெழுத்திட்டால் போதும். சான்றுகளை உடன் இணைக்க வேண்டியதில்லை, கேட்டால் காட்ட வேண்டும், அதற்காக விற்பனைச் சீட்டுகளையும் பால் கணக்கையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். இந்த நம்பிக்கை முறையால் பணம் விரைவாகப் போய்ச் சேர்ந்தது. சரிபார்ப்பு போதவில்லை என்ற விமரிசனமும், இப்படிப்பட்ட திட்டங்களைத் தணிக்கை செய்த அமெரிக்க அரசு பொறுப்புடைமை அலுவலகத்திடமிருந்து பிற்பாடு வந்தது. வேகத்துக்கும் சரிபார்ப்புக்கும் இடையில் எதைத் தேர்வீர்கள் என்று என்னைக் கேட்டால், அந்தக் கோடையில் வேகத்தைத்தான் தேர்ந்திருப்பேன். தீவனக் கடனுக்குத் தவணை தள்ளிப்போவதில்லை.

ஒருவருக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர் என்று வரம்பு இருந்தது. நிறுவனமாகப் பதிவான பண்ணையில், ஆளுக்குக் குறைந்தது 400 மணி நேரமாவது உழைத்த பங்குதாரர் மூவர் இருந்தால் அது 7,50,000 டாலர் வரை உயரும். ஆண்டு வருமானம் சராசரியாக 9,00,000 டாலரைத் தாண்டியவர் தகுதியற்றவர். ஆனால் அந்த வருமானத்தில் முக்கால் பங்கு விவசாயத்திலிருந்தோ கால்நடையிலிருந்தோ காட்டு வளத்திலிருந்தோ வந்திருந்தால் அந்தத் தடை இல்லை. பெற்ற தொகை வருமானமாகவே கொள்ளப்பட்டு வரிக்கு உட்பட்டது என்பதைப் புதிதாக விவசாயத்துக்கு வந்தவர்கள் சிலர் மறந்துவிட்டார்கள்.

முதல் சுற்று முடிந்த கையோடு, 2020 செப்டம்பர் 21இல் இரண்டாம் சுற்றுக்கான மனுக்கள் தொடங்கின. இதற்கு 1,400 கோடி டாலர் வரை ஒதுக்கப்பட்டது. ஏப்ரல் 16 முதல் ஆகஸ்ட் 31 வரையிலான அதிகபட்ச இருப்பில் மாடு ஒன்றுக்கு 55 டாலர், பன்றிக்கு 23, செம்மறியாட்டுக்கு 27. தானியங்களுக்கு இருப்புக்குப் பதிலாக ஏக்கர் கணக்கு, எப்படிக் கணக்கிட்டாலும் ஏக்கருக்கு 15 டாலருக்குக் குறையாமல். ஆனால் இந்தச் சுற்றில் எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் காய்கறி, பழம், பூ, நாற்று வளர்ப்போருக்கானது. முதல் சுற்றில் பயிர் ஒவ்வொன்றும் பட்டியலில் இருக்கிறதா, அதற்கு 5 விழுக்காடு விலை வீழ்ச்சி நிரூபணமானதா என்று பார்த்தார்கள். நான்கு ஏக்கரில் முப்பது வகைக் காய்கறி பயிரிட்டு வாரச் சந்தையில் விற்கும் ஒருவருக்கு அது கிட்டத்தட்ட எட்டாக்கனி. இரண்டாம் சுற்றில், எந்தக் காய் என்று கேட்காமல், 2019ஆம் ஆண்டு மொத்த விற்பனை எவ்வளவு என்று மட்டும் கேட்டார்கள். விற்பனையில் முதல் 49,999 டாலருக்கு 10.6 விழுக்காடு; அதற்கு மேல் 99,999 வரையிலான பகுதிக்கு 9.9, மேலே போகப் போக விகிதம் குறைந்து, பத்து இலட்சம் டாலருக்கு மேற்பட்ட பகுதிக்கு 8.8. வருமான வரிப் படிநிலையைப் போன்றது இது, தலைகீழாக. 75,000 டாலருக்கு விற்ற ஒருவர் ஏறத்தாழ 7,775 டாலர் பெறுவார். 2019இல் விற்பனையே இல்லாத புதியவர்கள் 2020 விற்பனையைக் காட்டலாம்.

இத்தனை செய்தும் சிலர் வெளியே நின்றார்கள். கோழி வளர்ப்பில் குஞ்சும் தீவனமும் நிறுவனத்துடையவை. கொட்டகையும் உழைப்பும் மட்டுமே விவசாயியுடையவை. கோழி அவருடையதல்ல என்பதால் விலை வீழ்ச்சி அவருடைய இழப்பல்ல என்று கணக்கு சொன்னது. ஆனால் நிறுவனம் குஞ்சு அனுப்பாத மாதங்களில் கொட்டகை காலியாகக் கிடந்தது, கடன் தவணை மட்டும் வந்துகொண்டிருந்தது. 2020 டிசம்பர் சட்டம்தான் இந்த ஒப்பந்த வளர்ப்பாளர்களின் வருவாய் இழப்பில் 80 விழுக்காடு வரை கொடுக்க வழி செய்தது. கொன்று புதைத்த பன்றி, கோழிகளுக்கு அவற்றின் சந்தை மதிப்பில் 80 விழுக்காடு கொடுக்கும் தனித் திட்டத்துக்கும் அதே சட்டம் வழிவகுத்தது. அதற்கான மனுக்கள் 2021 சூலை 20இல் தொடங்கின. புதைத்து ஓராண்டுக்கு மேலாகியிருந்தது. ஆலைகளுடன் நீண்ட ஒப்பந்தம் இல்லாமல், அன்றைய பேரத்தில் பன்றிகளை விற்றவர்களுக்கு அடி இன்னும் பலமாக விழுந்திருந்தது. அவர்களுக்கெனப் பன்றி ஒன்றுக்கு 54 டாலர் தரும் திட்டம் 2021 டிசம்பரில் வந்தது.

இப்போது தொடக்கத்தில் சொன்ன அளவுகோலுக்குத் திரும்புவோம். விலை வீழ்ச்சியை அளவால் பெருக்கினால், அளவு பெரிதானவருக்குத் தொகையும் பெரிதாகும். ஆயிரம் மாடு வைத்திருப்பவரின் இழப்பு பத்து மாடு வைத்திருப்பவரின் இழப்பைவிட டாலரில் பெரிது என்பது உண்மை. ஆனால் அதைத் தாங்கும் வலிமையும் முன்னவருக்குத்தான் அதிகம் என்பதைப் பெருக்கல் பார்ப்பதில்லை. கவுண்டி அலுவலகத்தோடு முன்பே பழக்கமுள்ளவர்களுக்கு மனுச் செய்வது எளிது. தலைமுறைகளாக அந்த அலுவலகங்களில் பாகுபாட்டைச் சந்தித்த கறுப்பின விவசாயிகளுக்கு அப்படியல்ல. 2021இல் பொறுப்பேற்ற வேளாண் செயலர் டாம் வில்சாக், பெருந்தொற்று நிவாரணத்தில் கறுப்பின விவசாயிகளுக்குச் சேர்ந்தது 0.1 விழுக்காடு மட்டுமே என்று வெளிப்படையாகச் சொன்னார். அவர் மார்ச் 24 அன்று அறிவித்த புதிய ஏற்பாட்டில் இரண்டாம் சுற்று மீண்டும் திறக்கப்பட்டு, 2021 அக்டோபர் 12 வரை நீண்டது. முன்பு விடுபட்டவர்களை அணுகி மனு எழுத உதவ உள்ளூர் அமைப்புகளுக்கும் நிதி ஒதுக்கினார்கள். அதற்குள் இரண்டு சுற்றுகளிலும் 3,000 கோடி டாலருக்கு மேல் கொடுத்து முடிக்கும் நிலை வந்திருந்தது. பெரும்பகுதி பழைய பெருக்கல் முறைப்படியே போயிருந்தது.

அளவுகோலையே மாற்றிப் பார்த்தது 2023 சனவரியில் தொடங்கிய பெருந்தொற்று வருவாய் உதவித் திட்டம். எந்தப் பயிர், எத்தனை மாடு, எந்தத் தேதியில் இருப்பு என்ற கேள்விகளை அது விட்டுவிட்டது. பண்ணையின் 2020ஆம் ஆண்டு மொத்த வருவாயை 2018 அல்லது 2019 வருவாயோடு ஒப்பிட்டு, குறைந்தது 15 விழுக்காடு இறங்கியிருந்தால் உதவிக்குத் தகுதி என்றது. ஒருவருக்கான உச்ச வரம்பை 1,25,000 டாலராகப் பாதியாக்கியது. முன்பே பெற்ற நிவாரணத்தையும் கணக்கில் கொண்டதால், ஏற்கெனவே இழப்பு ஈடானவர்கள் இதில் மறுபடி பெற இடமில்லை. வாரச் சந்தையில் முப்பது வகைக் காய்கறி விற்றவரும், ஏப்ரல் 20இல் மாட்டை விற்றவரும், தங்கள் வருமான வரிக் கணக்கின் இரண்டு தாள்களை அருகருகே வைத்தே மனுவை நிரப்ப முடிந்தது. அந்தத் தாள்களில் இருந்த இழப்புக்கு அப்போது மூன்று வயது ஆகியிருந்தது.